வலது கண்ணை மூடிய சிறுவன்

என் தம்பியின் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பிறந்த இடம் கிளிநொச்சி என்று இருக்கும். முன்பக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாத ஒரு முகம். பின்பக்கத்தில் அந்த ஒரு சொல்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பயந்து அப்பா எங்களைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கிளப்பி வன்னிக்குக் கொண்டுபோனார். அங்கே காடு வெட்டினார், கச்சான் கடலை போட்டார், காய்ச்சலில் விழுந்தார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாத்தளைப் பக்கமே திரும்பிவிட்டோம். திரும்பும்போது அம்மாவின் கையில் தம்பி இருந்தான். கிளிநொச்சியில் ஒரு மரத்தைக்கூட அவனுக்கு ஞாபகமில்லை. ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில், இருபது வயதுத் தமிழ் இளைஞன் ஒருவனின் அட்டையில் புலிகள் இருந்த அந்த ஊரின் பெயர் இருந்தால், சோதனைச் சாவடியில் நிற்பவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாவுலயில் நாங்கள் இருவர்தான். நான் மாத்தளையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை பார்த்தேன். தம்பி சீகிரியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டினான். லீவு நாட்களில் வீட்டுக்கு வருவான். திரும்பிப் போக அவன் வாசல்படி தாண்டும் முன் நான் எல்லாவற்றையும் ஒரு ஒழுங்கில் பார்த்துவிடுவேன். அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்க வேண்டும், கால்சட்டைப் பையில் அல்ல. கையைக் கீழே கொண்டுபோகாமல் எடுத்துக் கொடுக்க அதுதான் வசதி. அட்டையோடு ஹோட்டல் கடிதம். முகம் மழித்திருக்க வேண்டும். பையில் பற்றரி இருக்கக் கூடாது, தமிழ்ப் பேப்பர் இருக்கக் கூடாது.

"ஆமிக்காரன்கூட இவ்வளவு தேடமாட்டான் அக்கா," என்பான். "உங்களையே செக் பொயின்டுல வேலைக்கு எடுக்கலாம்."

"எடுத்தா முதல்ல உன்னத்தான் புடிப்பேன். வாய மூடிக்கிட்டு நில்லு."

அந்த லீவு நாளில் அவன் என்னோடு மாத்தளைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சினிமா நடிகர். நடிகர் என்று சொல்வதும் சரியில்லை. எழுபதுகளில் நம் நாட்டிலேயே எடுத்த ஒரு தமிழ்ப் படத்தில் சிறுவனாக நடித்தவர். அந்த ஒரு படம்தான். தோட்டத்தில் அப்பனுக்குச் சுகமில்லாமல் போகிறது, காட்டுப் பன்றியிடமிருந்து மரக்கறிப் பாத்தியைக் காக்க மகன் துப்பாக்கியோடு காவல் இருக்கிறான், அவ்வளவுதான் கதை. மாத்தளைத் தியேட்டரில் அதைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். திரையில் எங்கள் லயம் மாதிரியே ஒரு லயம், எங்கள் தண்ணீர்ப் பீலி மாதிரியே ஒரு பீலி. தியேட்டரில் பெரியவர்களே அழுதார்கள். தம்பி அதைப் பல வருடம் கழித்து வீடியோ கசட்டில் பார்த்தான். பார்த்துப் பார்த்து நாடா தேய்ந்து, பன்றி வரும் இடத்தில் மழை பெய்வதுபோல் கோடு விழுந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவிலும் கூடவே வசனம் சொல்வான்.

கசட் கடைக்காரரை ஊரில் எல்லோரும் நாநா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக மாத்தளையில் இருக்கும் முஸ்லிம் குடும்பம். அந்தப் படத்தைப் புதிதாகக் கொப்பி எடுத்து விற்கத் தொடங்கியபோது, கொழும்பில் இருந்த அந்த மனிதரை எப்படியோ தேடிப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். கடைக்கு மேலே டியூஷன் நடக்கும் அறையில் மேசை போட்டு, பூப்போட்ட சீலை விரித்து, கசட் வாங்குகிறவர்களுக்குக் கையெழுத்திட்ட படம் இலவசம் என்று எழுதி ஒட்டியிருந்தார்.

படியில் வரிசை நின்றது. மேசைக்குப் பின்னால் இருந்தவரைக் கண்டதும் வரிசையில் சலசலப்பு.

"இவரா? அந்தச் சுருட்ட முடிப் பய?"

"முடியெல்லாம் பன்னி தின்னுட்டுது போல."

அவருக்குக் கேட்டிருக்கும். முன்தலை வழுக்கை, முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். தலையை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் அடுக்கியிருந்த படங்கள் எல்லாம் ஒன்றே: கறுப்பு வெள்ளையில் சுருட்டை முடிச் சிறுவன், மண்டியிட்டு, தோளில் துப்பாக்கி வைத்துக் குறி பார்க்கிறான்.

"அந்த மாதிரி ஒருக்கா புடிச்சுக் காட்டுங்களேன்," என்றாள் குழந்தையோடு நின்ற ஒருத்தி.

"துப்பாக்கி புடிச்சுக் காட்டுற காலமாம்மா இது," என்றார் அவர், சிரிக்காமல்.

எங்கள் முறை வந்தது. தம்பிக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். துப்பாக்கிய வலது தோள்ல வச்சிருக்கீங்க. வலது கண்ணையே மூடியிருக்கீங்க. குறி பாக்குற கண்ண மூடிட்டு எப்படிங்க பன்னிய சுட்டீங்க?"

அறையே சிரித்தது. அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இத்தன வருசத்துல இத யாருமே கேக்கல தம்பி. எனக்கு இடது கண்ண மட்டும் மூட வராது. டைரக்டர் திட்டிப் பாத்தாரு, இனிப்புக் குடுத்துப் பாத்தாரு. பொழுது சாஞ்சுது. சரி, எந்தக் கண்ணோ மூடித் தொலைடான்னுட்டாரு." கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு, "இப்பவும் வராது, பாருங்க," என்று முயன்றார். இரண்டு கண்ணும் சேர்ந்து இறுக மூடிக்கொண்டன. பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எழுதிக் குடுங்க, நேரமாகுது," என்றார் நாநா. எல்லாப் படத்திலும் ஒரே வாசகம் எழுதச் சொல்லியிருந்தார். சனங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று. அவர் தம்பியின் படத்திலும் எழுதினார்: வீரத் தம்பிக்கு, அன்புடன் அண்ணன்.

பஸ் நிலையத்தில் தம்பியின் பையை வாங்கிப் பார்த்தேன். கசட்டும் ஒரு சட்டையும் மட்டும் இருந்தன. படம் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. தம்புள்ள பஸ் கிளம்பத் தயாராக நின்றது, ஏறிவிட்டோம். பைக்குள் வைத்தால் நெரிசலில் மடிந்துவிடும் என்று அவன் அதைச் சட்டைக்குள், முதுகோடு சேர்த்து, கால்சட்டையில் செருகியிருந்தான். அது எனக்குத் தெரிந்தது நாலந்தாவுக்குக் கொஞ்சம் முன்னால்.

காலையில் நாங்கள் போனபோது அந்த இடத்தில் சாவடி இருக்கவில்லை. இப்போது ரோட்டின் குறுக்கே முள்கம்பியும் தார்ப் பீப்பாய்களும் இருந்தன. "பஹின்ன, பஹின்ன," என்று சிப்பாய் ஒருவன் பஸ்ஸின் பக்கத்தில் தட்டிக்கொண்டு போனான். எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை.

தம்பி அட்டையை நீட்டினான். சிப்பாய் திருப்பினான். படித்தான். தம்பியைப் பார்த்தான். கையைத் தூக்கச் சொல்லித் தடவிக்கொண்டே வந்தவனின் கை முதுகில் நின்றது. தடித்த கடதாசி மடங்கும் சத்தம் பெண்கள் வரிசையில் நின்ற எனக்கே கேட்டது.

சிப்பாய் சட்டையைத் தூக்கிப் படத்தை இழுத்தான். பார்த்ததும் ஓரடி பின்னால் போனான். துப்பாக்கியோடு மண்டியிட்ட சிறுவன். கீழே தமிழ் எழுத்து. அதுவும் முதுகில் ஒளித்து. அவன் கூப்பிட்ட சத்தத்தில் இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். தம்பியை முழங்காலில் இருத்தி, கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் என்னைச் சுற்றி இருந்த இடத்தை மெதுவாகக் காலி செய்தார்கள்.

"என் தம்பி, மஹத்தயா," என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு முன்னால் போனேன்.

அதிகாரி என் வயதுக்காரர். கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. படத்தை என்னிடம் நீட்டினார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

அலுவலகத்தில் இரண்டு மொழியிலும் தட்டச்சு செய்கிறவள் நான். 'அன்புத் தம்பிக்கு' என்று சொல்லிவிட ஒரு கணம் போதும். ஆனால் பின்னால் நிற்பவர்களில் யாருக்காவது தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால், அந்த ஒரு பொய்யோடு எல்லாம் முடிந்துவிடும். இருந்ததை இருந்தபடியே சிங்களத்தில் சொன்னேன்.

"வீரத் தம்பி," என்றார் அவர், ருசி பார்ப்பதுபோல. "என்ன வீரம் செய்தான்?"

சினிமா என்றேன். பன்றிக்குக் காவல் இருக்கும் பையனின் பழைய படம் என்றேன். பையில் இருந்த கசட்டைக் காட்டினேன். அதன் அட்டையில் தமிழ் எழுத்தும் அதே சிறுவனும். அது ஒன்றுக்கு இரண்டாகத்தான் ஆனது. சாவடியில் டீவி ஏது, போட்டுக் காட்ட? கையெழுத்துப் போட்டவர் இப்போது மாத்தளையில்தான் இருக்கிறார் என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார். "இருட்டும் முன் முகாமிலிருந்து வாகனம் வரும். இவனை அதில் ஏற்ற வேண்டும். அதற்குள் இந்தப் பையனைக் கொண்டுவந்து காட்டுங்கள்," என்று படத்திலிருந்த சிறுவனின் மேல் விரலை வைத்தார். "காட்டினால் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகலாம்."

முகாமுக்குப் போனவர்களைத் தேடி எங்கள் அலுவலகத்துக்கு வரும் அம்மாமார்களின் மனுக்களைத் தட்டச்சு செய்வது நான்தான். அந்த மனுக்கள் எப்படித் தொடங்கும் என்பது எனக்கு மனப்பாடம். தம்பி என்னைப் பார்த்தான். பஸ் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எதிர்ப்பக்கம் வந்த மரக்கறி லொறியை மறித்து ஏறினேன்.

நான் போனபோது நாநா மேசைச் சீலையை மடித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டவர் மூலையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பெட்டி மூடி இருந்தது. மூச்சு வாங்க, நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அல்லாஹ்வே," என்றார் நாநா.

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "மிஸ், நானும் தமிழன்தான். வெள்ளவத்தையில லொட்ஜுல இருக்கேன். ரெண்டு தரம் கொண்டுபோய் வச்சிருந்து விட்டாங்க. என்ன கூட்டிட்டுப் போனா ஒருத்தருக்கு ரெண்டு பேரா வச்சுக்குவாங்க. நான் எதுக்கும்மா அங்க வரணும்?"

"வேன் நான் எடுக்குறேன்," என்றார் நாநா. "நானும் கூட வர்றேன். படத்துல அந்த மிருகத்துக்கே பயப்படல்லயே மனுசன் நீங்க."

"அந்தத் துப்பாக்கியும் பொம்ம, பன்னியும் பொம்ம. ஆமி பொம்மையா நாநா?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கு அழத் தெரிந்திருந்தால் அழுதிருப்பேன். கடைக்கு வெளியே வெயில் சுவரில் பாதி ஏறிவிட்டிருந்தது.

"யாரு," என்று அவர் திடீரென்று கேட்டார், "கண்ணப் பத்திக் கேட்டானே, அந்தத் தம்பியா?"

"ஆமா."

கை கழுவினார். துண்டு தேடிக் காணாமல் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "அட்டையப் பையில வச்சிருக்கேனா பாருங்க," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லித் தானே தொட்டுப் பார்த்தார். பிறகு படியில் இறங்கினார்.

வேனில் பலாப்பத்வல தாண்டியதும் அவர் ஒரு தரம் மட்டும் வாயைத் திறந்தார். "அங்க போனதும் நடிகருன்னு சொல்லாதீங்க அக்கா. படத்துல இருக்குற பையன் நான்தான்னு மட்டும் சொல்லுங்க."

நான் விட்டுப்போன இடத்திலேயே தம்பி இருந்தான். சப்பாத்தைக் கழற்றியிருந்தார்கள். முகாம் வாகனம் இன்னும் வரவில்லை.

அதிகாரி அவரைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். அட்டையை வாங்கினார். படத்தைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

"இது சுருட்டை முடிப் பிள்ளை. இது மொட்டைத்தலை. நாளைக்கு யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்து இவன்தான் என்று சொல்வீர்கள்."

நாநா சிங்களத்தில் ஏதோ தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். தூரத்தில், தம்புள்ளப் பக்கமிருந்து, ஒரு கனமான வாகனத்தின் சத்தம் வந்தது. அது பஸ்ஸா லொறியா என்று தெரிவதற்குள் நான் பேசிவிட்டேன்.

"மஹத்தயா, படத்தில் அந்தப் பிள்ளை எந்தக் கண்ணை மூடியிருக்கிறது?"

அவர் பார்த்தார். கண்களுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற சிப்பாய்க்குக் காட்டினார். சிப்பாய் தன் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்து, வலது கண்ணை மூடி, "ஒன்றும் தெரியாதே சேர்," என்றான்.

"எந்த மடையன் பழக்கினான் இவனுக்கு?"

"யாரும் பழக்கவில்லை. இடது கண்ணை மட்டும் மூட இவருக்கு வராது. இன்றைக்கும் வராது."

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "மூடு. இடது கண்."

இரண்டும் மூடின.

"இன்னொரு தரம்."

இரண்டும் மூடின. கடைக்கு மேலே எல்லோரும் சிரித்தது இதற்குத்தான். இங்கே யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி முகத்துக்கு நேரே குனிந்து நின்று திரும்பத் திரும்பச் சொன்னார், வேகமாகச் சொன்னார், வலது என்று சொல்லி, சட்டென்று இடது என்றார். கண் மூடி நின்றவரின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்க அவர் கையைத் தூக்கவில்லை. வலது என்றால் வலது மூடியது. இடது என்றால் இரண்டும்.

வந்த வாகனம் ஒரு மரலொறி. கம்பியை இழுத்து அதை விட்டார்கள்.

சாவடி கூட்டும் தும்புத்தடியைக் கொண்டுவரச் சொல்லி அதிகாரி அதை அவர் கையில் கொடுத்தார். "படத்தில் இருக்கிற மாதிரி."

தமிழன் ஒருவன், ஆமிக்காரர்களின் நடுவில், துப்பாக்கி பிடிக்கிற மாதிரி. அவர் தடியை வாங்கிக்கொண்டு முதலில் சுற்றிலும் பார்த்தார். ஆள் இல்லாத பக்கமாக, வயலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கொழும்புக்குப் போகப் போட்டிருந்த நல்ல கால்சட்டையோடு புழுதியில் மண்டியிட்டார். தடியைத் தோளில் வைத்தார். கன்னத்தை அதில் சாய்த்து, வாயின் ஓரத்தில் நாக்கின் நுனியை நீட்டி, வலது கண்ணை மூடினார்.

தியேட்டரில் நான் பார்த்த அதே பிள்ளை. நாக்கின் நுனியை நான் மறந்தே போயிருந்தேன். அதிகாரி படத்தை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்திலும் நாக்கு நுனி இருந்தது.

முதலில் ஒரு சிப்பாய் சிரித்தான். பிறகு எல்லோரும். ஒருவன் கைதட்டினான். "பன்றி எங்கே தம்பி, சுடு, சுடு," என்று இன்னொருவன் கத்தினான். அதிகாரியும் சிரித்தார். தம்பியை எழுப்பச் சொன்னார். அட்டையைக் கொடுக்கும் முன் பின்பக்கத்தை இன்னொரு முறை படித்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"சட்டைக்குள் எதையும் ஒளிக்காதே," என்றார். படத்தைத் திருப்பித் தரவில்லை.

தம்பிக்குச் சப்பாத்து நாடாவில் முடிச்சு விழவில்லை. குனிந்து நான் கட்டிவிட்டேன். நிமிர்ந்தபோது அவர் இன்னும் மண்டியிட்டே இருந்தார், தடியும் தோளிலேயே இருந்தது. எழும்பு என்று யாரும் சொல்லாததால் எழும்பவில்லை.

நாநாதான் போய் அவர் தோளைத் தொட்டார். "எழும்புங்க. முடிஞ்சுது."

நாநாவும் அவரும் வேனில் எங்களை நாவுலயில் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டார்கள். கொழும்பு பஸ் போயிருக்கும். தங்கிவிட்டுப் போங்கள் என்று சொல்ல என் வாய் திறந்தது. வெளியூர்த் தமிழன் ஒருவனை இரவு வீட்டில் வைத்தால் முதலில் பொலிஸில் பதிய வேண்டும். அதுவும் அன்று, தம்பியின் அந்த அட்டையையும் கொண்டுபோய். என் முகத்தில் அவர் அதைப் படித்துவிட்டார்.

"பரவாயில்ல அக்கா. நாநா வீட்டுல படுத்துக்குறேன். நாளைக்குப் போறேன்."

"ஒரு தேத்தண்ணியாவது…"

"இருட்டுறதுக்குள்ள அந்த இடத்தத் தாண்டணும்," என்றார் நாநா.

அவர் வேனின் பின்பக்கம் கையை விட்டு, மீதமிருந்த கட்டிலிருந்து ஒரு படத்தை உருவினார். பேனாவைத் தேடினார். "உன்னோடத அவரு வச்சுக்கிட்டாரே தம்பி. இந்தா, புதுசா…"

தம்பி என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தான்.

"வேணாம்ணே."

அவர் பேனாவை மூடினார். படத்தைக் கட்டிலேயே திரும்பச் செருகினார், ஓரம் மடியாமல், மெதுவாக. தம்பி முன்னால் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். முழங்கால் இரண்டிலும் அவருக்கு நாலந்தாப் புழுதி வட்டமாக ஒட்டியிருந்தது. தட்டிவிட வேண்டும்போல் இருந்தது, தட்டவில்லை.

வேன் வந்த வழியே திரும்பியது. போவதற்கு அந்த ஒரு ரோடுதான், அந்தச் சாவடிதான். இந்த முறை அவரோடு நாங்கள் இல்லை. வேன் நாலந்தாவைத் தாண்டியிருக்கும் என்று மனது ஒப்புக்கொள்ளும்வரை இருவரும் வாசலிலேயே நின்றோம். பிறகும் உள்ளே போகவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தனியாக மாத்தளைக்குப் போனேன். பீப்பாய்கள் ஓரத்தில் உருட்டப்பட்டிருந்தன. சாவடியில் ஒருவரும் இல்லை. கசட் கடைக்கு எதிரே நின்று, பூட்டியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாநா வழக்கத்தைவிடப் பிந்தித்தான் வந்தார். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே என்னைக் கண்டுவிட்டு, கொழும்பு ரோட்டுப் பக்கம் கையைக் காட்டி, போய்விட்டார் என்று தலையை ஆட்டினார். அதன் பிறகு கதவைத் திறந்தார்.